பெற்றோருக்குத் தெரிவித்த பிறகே

ஜன்னலோரம் நீங்க உட்காருங்க டீச்சர். கண்டக்டர்கிட்ட கீழ்வேலம்பட்டு ஐஸ்கூல் ஸ்டாப்புன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, புது எச்.எம். நீங்கதான்னு. இன்னைக்கு வந்து ஜாயின் பண்ணுவாங்கன்னு கிளார்க்கு சொல்லியிருந்தாரு. நான் பூங்காவனம். உங்க ஸ்கூல் மேலாண்மைக் குழுத் தலைவி. தலைவின்னா பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டுல பிளவுஸ் தைக்கிறேன். அம்மாங்க எல்லாம் சேர்ந்து கை தூக்கி உட்கார வச்சுட்டாங்க.

என்னைப் பத்தி உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே. மிலிட்டரிய எதிர்க்கிற பொம்பள, எச்.எம்.ம மாத்த வச்சவ. சொல்லலையா? சிரிக்கிறீங்க, சொல்லியிருக்காங்க. ஸ்டாப்பு வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். நான் சொல்றதையும் கேட்டுட்டு அப்புறமா உள்ள போங்க.

எங்க ஊரு மிலிட்டரிக்காரங்க ஊரு டீச்சர். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுல பென்ஷன் வாங்குறவரு இருப்பாரு. சுதந்திர தினத்துக்கு ஸ்கூல்ல கொடி ஏத்தினா மெடல் குத்திக்கிட்டு இருபது பேரு நிப்பாங்க. அந்த ஊர்ல நின்னுக்கிட்டு நான் இதைப் பேசினேன். எதுக்குப் பேசினேன்னு கேக்கணும்ல?

போன ஜூலை மாசம். ஒரு நாள் தயாளன் சார், உங்களுக்கு முன்னாடி இருந்த எச்.எம்., போன் பண்ணி, நாளைக்கு ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி, நீங்க வந்து குத்துவிளக்கு ஏத்தணும்னாரு. என்னா விழிப்புணர்வுன்னு கேட்டதுக்கு, வேலைவாய்ப்பு பத்திம்மா, பசங்களுக்கு நல்லதுன்னாரு. நானும் நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன்.

போனா கிரவுண்டுல வேன் நிக்குது. ஸ்பீக்கர்ல பாட்டு. யூனிபாரத்துல நாலு பேரு. பிளஸ் ஒன் பிளஸ் டூ பசங்கள எல்லாம் சட்டையக் கழட்டச் சொல்லி வரிசையா நிக்க வச்சு நெஞ்சு அளக்குறாங்க, உயரம் அளக்குறாங்க, வெயிட்டு போடுறாங்க. கணக்குப் பாடம் நடக்க வேண்டிய நேரம் டீச்சர். பரீட்சையில கணக்குலதான் எங்க பசங்க ஃபெயிலாகுறது. பொண்ணுங்க எல்லாம் கிளாஸ்ல ஜன்னல்கிட்ட நின்னு வேடிக்கை பாக்குதுங்க. ஒரு மேஜையில கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த லிஸ்ட்டு. பையன் பேரு, பிறந்த தேதி, மார்க்கு, ஆதார் நம்பரு, எங்க போன் நம்பரு, எல்லாம் அதுல இருக்கு. யாரு கொடுத்தது? ஸ்கூல்தான் கொடுத்தது. யாரக் கேட்டுக் கொடுத்தாங்க? யாரையும் கேக்கல.

அதைக்கூட நான் அப்புறம்தான் யோசிச்சேன். மொதல்ல நான் பாத்தது மேடைக்குப் பின்னாடி கட்டியிருந்த பேனரை. அந்தப் பேனர்ல என் தம்பி ஏகாம்பரம் இருந்தான்.

ஆமா டீச்சர். என் கூடப் பிறந்த தம்பி. செத்து இருபத்திரெண்டு வருஷம் ஆகுது. எட்டடி உயரத்துக்கு அவன் மூஞ்சி. கீழ, 'எல்லையில் எதிரியுடன் போரிட்டு வீரமரணம் அடைந்த நம் பள்ளி மாணவன்'னு எழுதியிருக்கு. அவன் எந்த எதிரிகூடவும் சண்டை போடல. ரேஷன் ஏத்திக்கிட்டுப் போன லாரி மலைப் பாதையில உருண்டுச்சு. உருளைக்கிழங்கு மூட்டைங்களுக்கு நடுவுல உட்கார்ந்திருந்தானாம். கூட இருந்த பையன் லெட்டர் எழுதியிருந்தான், அதுலதான் தெரியும். அதுல என்னா கேவலம்? எதுக்குப் பொய் எழுதணும்? உருளைக்கிழங்கு மூட்டைன்னு எழுதினா பசங்க வர மாட்டாங்களா?

என் கையில தீப்பெட்டியக் கொடுத்தாங்க, விளக்கு ஏத்துங்கன்னு. நான் ஏத்தல. இந்தப் போட்டோவ யாரக் கேட்டு எடுத்தீங்கன்னு மைக்குக்குப் பக்கத்துலயே நின்னு கேட்டேன். பாட்டு நின்னுபோச்சு. தயாளன் சார் எங்கிட்ட வந்து, அம்மா, உங்களுக்குப் பெருமைதானேன்னாரு. பெருமை. நான் பேனரப் புடிச்சு இழுத்தேன். ஒரு பக்கம் கயிறு அறுந்து மடங்கித் தொங்கிடுச்சு. அவ்வளவுதான். கிழிச்சேன், மிதிச்சேன்னு சொல்றது எல்லாம் பொய்.

அன்னைக்கு சாயந்தரத்துல இருந்து வீட்டு வீட்டுக்கு போன் வர ஆரம்பிச்சது. உங்க பையன் செலக்ட் ஆக வாய்ப்பு இருக்கு, உடனே பதிவு பண்ணுங்கன்னு. ரமணின்னு எனக்குத் தெரிஞ்ச பொண்ணு, புருஷன் இல்ல, பீடி சுத்துறா. அவ பையன் லோகேஷ் அன்னையில இருந்து புத்தகத்தையே தொடல. நான்தான் மிலிட்டரிக்குப் போறேனேன்னு கிரவுண்டச் சுத்திச் சுத்தி ஓடுறான். அவனுக்கு யாராவது சொன்னாங்களா, இப்ப எடுக்குறது நாலே வருஷத்துக்குத்தான்னு? நாலு வருஷம் முடிஞ்சா நாலு பேருல ஒருத்தனைத்தான் வச்சுக்குவாங்க, மூணு பேரு வீட்டுக்கு வந்துடணும், பென்ஷன் கிடையாதுன்னு? மேடையில பாட்டு போடத் தெரிஞ்சுதே, இதைச் சொல்ல வாய் வரலையா?

போகவே கூடாதுன்னு நான் சொல்லல டீச்சர். இதை எழுதிக்கோங்க. போறவன் போகட்டும். பாட நேரத்துல வராத. பையன் விவரத்தைக் கேக்காம எடுக்காத. அம்மா அப்பாவ உட்கார வச்சுக்கிட்டு எல்லாத்தையும் தமிழ்ல சொல்லு. பெத்தவங்களுக்குத் தெரிவிச்ச பிறகே எதுவானாலும் செய். இதுல தேசத்துரோகம் எங்க இருக்கு?

அப்படித்தான் சொன்னாங்க. தையல் கொடுக்க வர்றவங்க பாதிப் பேரு நின்னுட்டாங்க. யாரோ போலீஸ்ல சொல்லி, மஃப்டியில ஒருத்தரு வந்து, உங்களுக்குப் பின்னாடி யாரும்மா இருக்காங்கன்னு கேட்டாரு. எனக்குப் பின்னாடி தையல் மிஷின்தான் சார் இருக்குன்னேன். என் வீட்டுக்காரரு, லோடு வண்டி ஓட்டுறவரு, உனக்கு எதுக்குடி ஊர் வம்புன்னு ஒரு வாரம் புலம்பினாரு.

வீடு வீடாப் போனேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்க நாப்பத்திமூணு பேரு வீட்டுக்கும் போனேன். ஒரு வீடு விடல. என் பொண்ணு மோனிஷா அப்ப பிளஸ் டூ. அவதான் எனக்கு எழுத்து வேலை எல்லாம். அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும் டீச்சர். அந்த வேலையோட கண்டிஷன் எல்லாத்தையும் போன்ல தேடி எடுத்து, இங்கிலீஷ்ல இருந்ததத் தமிழ்ல மாத்தி, புரியாததுக்கு ஆளெடுக்குற ஆபீஸுக்கே போன் போட்டுக் கேட்டு, ஒரு பக்கத்துல அடக்கினா. எத்தனை வயசு, எத்தனை வருஷம், காயம் பட்டா என்னா, செத்தா என்னா, நடுவுல விட்டுட்டு வர முடியுமா, எல்லாம். ஜெராக்ஸ் வேணாம்மா, கையால எழுதினாத்தான் மதிச்சுப் படிப்பாங்கன்னு நாப்பத்திமூணு தடவை எழுதினா. நான் பக்கத்துல உட்கார்ந்து ஊக்கு வச்சுக்கிட்டே, என் பொண்ணுக்கு எவ்வளவு வெவரம்னு பூரிச்சுப்போவேன்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தோம். அங்க ஒரு அம்மா நல்லவங்க, முழுசாப் படிச்சாங்க. குழுவுல தீர்மானம் போட்டு எடுத்துக்கிட்டு வாங்க, அப்பத்தான் பலம்னாங்க. செப்டம்பர் மாசம் வெள்ளிக்கிழமை கூட்டம். இருபது பேருல பத்தொன்பது பேரு வந்துட்டாங்க. வராண்டா முழுக்க ஊரு ஜனம். சுபேதார் மாமாவும் வந்தாரு. பரந்தாமன்னு பேரு, முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். எங்க அப்பாவுக்கு சிநேகிதரு. அவரு எழுந்து நின்னாரு. கத்தல. மெதுவாத்தான் கேட்டாரு.

"ஏம்மா பூங்காவனம், ஏகாம்பரம் பேப்பர்ல காப்பாளர்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

எல்லாரும் என்னையே பாக்குறாங்க. மோனிஷா கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருக்கா.

"நான்தான் மாமா போட்டேன். எனக்கு அப்ப இருபது வயசு. அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு நீங்க யாராவது எனக்குப் படிச்சுக் காட்டினீங்களா? இங்க போடும்மான்னு விரல வச்சுக் காட்டினது நீங்கதானே?"

அவரு உட்கார்ந்துட்டாரு. பதினோரு பேரு கை தூக்கினாங்க, எட்டுப் பேரு தூக்கல. பெத்தவங்களுக்குத் தெரிவிச்ச பிறகே எதுவானாலும்ங்கிற தீர்மானம் நிறைவேறிடுச்சு.

நியாயமான கேள்வியா அது? எங்க அப்பா போயிட்டாரு, அம்மாவுக்கு எழுதத் தெரியாது. வேற யாரு போடுறது? அவன் ஆசைப்பட்டுத்தான் போனான். ஆசைன்னா, ஐ.டி.ஐ.யில வெல்டிங்குக்கு அவனுக்கு இடம் வந்திருந்துச்சு. ரெண்டு வருஷம் படிக்கணும். எனக்கு அப்பத்தான் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுல, தம்பி என்னா பண்றான்னு கேட்டாங்க. வெல்டிங் படிக்கிறான்னு சொல்றதா? நான் அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், நீ மிலிட்டரிக்குப் போனா அக்காவுக்கு மரியாதைடான்னு. ஒரு வார்த்தை. அதுக்கா ஒருத்தன் போவான்? அவனா இஷ்டப்பட்டுப் போனான். அதை விடுங்க டீச்சர், அது பழைய கதை. நான் சொல்ல வந்தது வேற.

தீர்மானத்துக்கு அப்புறம் அக்டோபர்ல அந்த மிலிட்டரி ஆளுங்க மறுபடியும் வந்தாங்க. ஞாயித்துக்கிழமை. சமுதாயக் கூடத்துல. அம்மா அப்பா எல்லாம் பாய்ல உட்கார்ந்திருக்க, ஒரு ஆபீஸர் எழுந்து நாலு வருஷக் கணக்கத் தமிழ்ல சொன்னாரு. மோனிஷா எழுதின தாளை வச்சுக்கிட்டு அம்மாங்க ஒவ்வொருத்தரா கேள்வி கேட்டாங்க. அவரும் பொறுமையாத்தான் பதில் சொன்னாரு. கடைசியில பதினோரு பசங்கதான் பேரு கொடுத்தாங்க. லோகேஷ் கொடுக்கல. ரமணி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் ஜெயிச்சுட்டேன் டீச்சர். இந்த மாவட்டத்துலயே வேற எந்த ஊர்லயும் இப்படி நடந்ததில்லன்னு சொன்னாங்க.

தயாளன் சாருக்கு நவம்பர்ல மாத்தல் வந்துச்சு. மனுவுல அவரு பேரை நான் எழுதினேன்தான். மாத்துங்கன்னு எழுதல. நடந்தது இதுன்னுதான் எழுதினேன். போறப்ப என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டக் காட்டினாரு. முந்தின வருஷம் பிளஸ் டூ முடிச்சவங்கள்ல காலேஜுக்கு அப்ளிகேஷனே போடாதவங்க பதினேழு பேரு. ஒவ்வொருத்தன் பேருக்கும் எதிர்ல, செங்கல் சூளை, ஷூ கம்பெனி, சும்மா, சும்மான்னு எழுதி வச்சிருந்தாரு. "நீங்க ஒரு கதவ மூடினது சரிம்மா, இவங்களுக்கு இன்னொரு கதவு எங்கன்னு நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்" அப்படின்னாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அதுக்காக என் தம்பி மூஞ்சியத் தொங்கவிடுவீங்களா? வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. அந்த நோட்டு உங்க பீரோவுலதான் இருக்கும், பாருங்க. லோகேஷ் இப்ப செங்கல் சூளையிலதான் இருக்கான். ரமணி எங்கிட்ட சரியாப் பேசுறதில்ல. அதுக்கும் நானா பொறுப்பு?

இப்பத்தான் நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

ஏப்ரல் மாசம், மோனிஷா ஏதோ நுழைவுத் தேர்வுன்னு சொல்லிட்டு வேலூருக்குப் போயிட்டு வந்தா. காலேஜுக்குன்னு நினைச்சேன். பி.காம் சேக்கலாம்னு நான் ஏற்கெனவே விசாரிச்சு வச்சிருந்தேன். என் நாத்தனார் பையன் ஒருத்தன் ஓசூர்ல நல்ல வேலையில இருக்கான், படிப்பு முடிஞ்சதும் கேக்கலாம்னு ஒரு பேச்சும் போயிக்கிட்டு இருந்துச்சு. மே மாசம் அவ போனுக்கு மெசேஜ் வந்துச்சு. குளிக்கப் போயிருந்தா, நான் எடுத்துப் பாத்தேன். எழுத்துத் தேர்வுல தேர்ச்சி. உடல் தகுதித் தேர்வு ஜூலையில.

பொண்ணுங்களையும் எடுக்குறாங்களாம் டீச்சர், மிலிட்டரி போலீஸ்ல. எனக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தாள்ல இருந்துச்சாம். கடைசிப் பத்தி. நாப்பத்திமூணு தாளுலயும் இருந்துச்சாம். பொம்பளப் பிள்ளைங்களுக்குன்னு எழுதினத நான் எதுக்குப் படிக்கப்போறேன்? நான் போனதெல்லாம் பையன் வீட்டுக்குத்தானே.

குளிச்சுட்டு வந்தவகிட்ட போனக் காட்டினேன். அவ பயப்படுவா, அழுவான்னு நினைச்சேன். தலையத் துவட்டிக்கிட்டே சொல்றா:

"நீதானேம்மா சொன்ன, முழுசாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடணும்னு. இந்த ஊர்லயே அதை முழுசாப் படிச்சவ நான் ஒருத்திதான்."

"பெத்தவங்களுக்குத் தெரியணும்னும்தானேடி தீர்மானத்துல இருக்கு?"

"பதினெட்டு முடியாதவங்களுக்கு. எனக்கு ஜனவரியிலயே முடிஞ்சிடுச்சு."

நாலு வருஷம்டி, நாலு வருஷத்துல உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க, அப்புறம் என்னா பண்ணுவன்னு கேட்டேன். அதுக்கு அவ, "நாலு வருஷத்துக்கு என்னான்னு எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். நீ எனக்குப் பாத்து வச்சிருக்கியே, அது எத்தனை வருஷத்துக்கு? அதோட கண்டிஷன் எல்லாம் எந்தத் தாள்ல எழுதியிருக்கு?" அப்படின்னு கேக்குறா.

கையை ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்கின கைய அவ பாத்தா பாருங்க, அப்படியே பாத்துக்கிட்டு நின்னா. அன்னையில இருந்து நான் பேசுறதில்ல. இன்னையோட முப்பத்தாறு நாளு. சாப்பாடு போட்டு வச்சுட்டு நகர்ந்துடுவேன். அவ நைனா அவகூட சிரிச்சுப் பேசுறாரு. ஊர் வம்புன்னு புலம்பின மனுஷன், இப்ப பொண்ணுக்கு முட்டையும் கடலையும் வாங்கியாறாரு. சுபேதார் மாமா ரோட்டுல அவளப் பாத்தா சல்யூட் வைக்கிறாராம். எனக்கு எப்படி இருக்கும் டீச்சர்? நாப்பத்திமூணு வீட்டைக் காப்பாத்தினவ நான்.

அவ விடியகாலையில உங்க ஸ்கூல் கிரவுண்டுலதான் ஓடுறா. எங்க மாடியில நின்னா கிரவுண்டு முழுக்கத் தெரியும். ஆயிரத்து அறுநூறு மீட்டர், நாலு சுத்து. ஏழரை நிமிஷத்துக்குள்ள ஓடணும். மொத நாள் ஒன்பது நிமிஷம் ஆச்சு. மூணாவது சுத்துல இடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டுத்தான் மறுபடி ஓடினா. விட்டுடுவான்னு நினைச்சேன். போன வாரம் எட்டு பத்து. நேத்து ஏழு நாப்பது. என்னாத்துக்கு அப்படிப் பாக்குறீங்க? துணி காயப்போட மாடிக்குப் போவேன், கண்ணுல படுது. கையில போன் இருந்துச்சு, நேரம் பாத்தேன்.

அதை நிறுத்தணும்னுதான் போன மாசம் குழுவுல இன்னொரு தீர்மானம் போட்டேன். பள்ளி நேரம் தவிர மத்த நேரத்துல வெளியாளுங்க கிரவுண்டுக்குள்ள வரக் கூடாது, கேட்டப் பூட்டி வைக்கணும்னு. அவ படிப்பு முடிஞ்சிடுச்சுல்ல, வெளியாளுதானே. எல்லாரும் கை தூக்கினாங்க. எதுக்குன்னு யாரும் கேக்கல. நான் சொன்னா இப்ப எல்லாரும் கேக்குறாங்க. வாட்ச்மேன் மறுநாளே பூட்டிட்டாரு.

அவ சுவர் ஏறிக் குதிக்கிறா டீச்சர். பின்பக்கச் சுவரு. ஆறடி. மேல பாட்டில் கண்ணாடி பதிச்சிருக்கு. சாக்கு மடிச்சுப் போட்டுக்கிட்டு ஏறுறா. நாலு நாளைக்கு முன்னாடி உள்ளங்கையில துணி சுத்தியிருந்தா. என்னான்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. அந்தத் துணிய ஊற வைக்கறப்ப பாத்தேன். நல்லா ஆழமாத்தான் கிழிச்சிருக்கு. டி.டி. ஊசி போட்டாளான்னு தெரியல. யாரக் கேக்குறது?

ஸ்டாப்பு வந்துடுச்சு. பாத்து இறங்குங்க, பையை நான் எடுத்தாறேன். தோ, அந்த பச்சை கேட்டுதான் ஸ்கூலு. டீச்சர், மொத தீர்மானம் இருக்கே, அதை நீங்க ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. யாரு வந்து கேட்டாலும் சரி. பொம்பளப் பிள்ளைங்களுக்கும் இதேதான்னு அதுல சேக்கணும், அடுத்த கூட்டத்துல நான் எழுதித் தர்றேன். அவ போறதுக்கு எனக்குச் சம்மதம் இல்ல. இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

ஆனா அந்த ரெண்டாவது தீர்மானத்தை விட்டுடுங்க. வாட்ச்மேன்கிட்ட சொல்லி, விடியகாலை அஞ்சு மணிக்கெல்லாம் கேட்டத் திறந்துவிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. புது எச்.எம். உத்தரவுன்னு சொல்லிடுங்க.